பத்திர வட்டியில் கைக்கு வருவது எவ்வளவு?

"தபாலாபீஸ் பத்திரத்துக்கு வரியே கிடையாதாமே!" என்கிறார்கள் பலர். வரி பிடிக்காமல் முழுப் பணமும் தருகிறார்கள், அவ்வளவுதான். வட்டிக்கு வரி உண்டு.

தேசிய சேமிப்புப் பத்திரத்துக்கு 2023 ஏப்ரலில் 7.7 சதவீத வட்டி ஆயிற்று. அந்த வட்டியில் 10,000 ரூபாய் போட்டால் ஐந்து வருஷத்தில் 14,490. இருபது சதவீத வரி கட்டுகிறவருக்கு அந்த வரியின் மேல் 4 சதவீத 'செஸ்'ஸும் சேர்ந்து 20.8. ஆக, நூறு ரூபாய் வட்டியில் மிச்சம் 79 ரூபாய் 20 காசு. 7.7 என்பது ஏறக்குறைய 6.1 ஆகிவிடுகிறது! முப்பது சதவீதக்காரருக்கோ 5.3தான்.

வட்டியை வருஷாவருஷம் கணக்கில் காட்டிவிடுங்கள். முதல் வருஷம் 770, அடுத்தது 829 என்று ஏறும். கடைசியில் மொத்தமாக 4,490ஐக் காட்டினால், பத்திரங்கள் நிறைய இருப்பவருக்கு அந்த ஒரு வருஷ வருமானம் மேல்படிக்குத் தாவிவிடலாம். பழைய வரி முறையில் இருப்பவர்கள், முதல் நாலு வருஷ வட்டியை மறுபடி முதலீடு செய்ததாகக் காட்டி, ஒன்றரை லட்ச வரம்புக்குள் கழிவும் கேட்கலாம். புது முறையில் அது இல்லை.

நமக்கு முக்கியமானது இதுதான்: வீட்டுக்காரர் கொடுத்த பணத்தில் நம் பேரில் வாங்கினாலும், வட்டி அவர் வருமானத்தோடுதான் சேரும். பிறந்த வீட்டார் தந்த பணத்தில் வாங்கியதா? அது நம் வருமானம். வேறு வருமானம் இல்லையென்றால் முழு 7.7ம் கைக்கு வரும். எந்தப் பத்திரம் யார் பணத்தில் வாங்கியது என்று நோட்டில் குறித்து வையுங்களேன்.