சிக்க கடியாரமும் ஊருக்குப் பொதுவான நேரமும்

மைசூருக்குச் சுற்றுலா செல்லும் நம் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்கு முன்னால் நிற்கும் சிறிய மணிக்கூண்டை நின்று பார்ப்பவர் குறைவு. கன்னடத்தில் அதனைச் ‘சிக்க கடியார’ என்பர். சின்னக் கடிகாரம் என்பது பொருள். அதிலிருந்து சிறிது தொலைவில், நகர மண்டபத்தின் அருகே ‘தொட்ட கடியார’ எனப்படும் பெரிய மணிக்கூண்டு உள்ளது. ஒரு காலை நேரத்தில் இரண்டையும் நடந்தே பார்த்துவிடலாம். அவ்வாறு பார்க்குமுன் அறிந்துகொள்ள வேண்டிய சில செய்திகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சந்தையும் கோபுரமும்

மணிக்கூண்டு சந்தையின் அருகே அமைந்தது தற்செயலன்று. இடைக்கால ஐரோப்பாவில் இவ்வழக்கம் வேரூன்றியது. பிரான்சின் வடபகுதி நகரங்களில் வணிகரும் கைவினைஞரும் தம் ஊருக்குத் தன்னாட்சி உரிமை பெற்றதும் கற்கோபுரம் ஒன்றை எழுப்பினர். கோட்டை மன்னனுக்கும் தேவாலயம் சமயத்துக்கும் உரியவை. இக்கோபுரமோ ஊராருக்கு உரியது. அதன் மணி சந்தை திறப்பதையும், வேலை நேரத்தையும், இரவில் அடுப்பணைக்க வேண்டிய வேளையையும் அறிவித்தது. நகரத்தின் உரிமைச் சாசனங்கள் அக்கோபுரத்தினுள்ளேயே பூட்டிப் பாதுகாக்கப்பட்டன. இன்றைய வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்துக்கு அதனை ஒருவகை முன்னோடி எனலாம். இத்தகைய பிரெஞ்சுக் கோபுரங்கள் 23, 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. நார்மண்டிப் பகுதியின் ரூவான் நகரிலுள்ள பெரிய கடிகாரத்தின் இயந்திரம் 1389ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் முகப்பில் மணி காட்டும் முள் ஒன்றுதான் உண்டு. நிமிட முள் இல்லை. அக்கால வணிகத்துக்கு அவ்வளவு துல்லியமே போதுமானதாக இருந்தது.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டிலும் மணிக்கூண்டு இருப்பதை வாசகர்கள் பலர் பார்த்திருக்கக்கூடும். மைசூரின் மணிக்கூண்டும் சந்தையும் அதே உறவினைக் கொண்டவை.

இரு மணிக்கூண்டுகள், இரு காலங்கள்

சிக்க கடியாரம், பத்தாம் சாமராஜ உடையாரின் ஆட்சிக்காலத்தில், அப்போதைய வைசிராய் டஃப்ரின் பிரபுவின் நினைவாக 1886இல் எழுப்பப்பட்டது. பெரிய மணிக்கூண்டு 1927ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1902இல் ஆட்சிப் பொறுப்பேற்றார். அதன் வெள்ளிவிழாவை முன்னிட்டு அரண்மனை ஊழியர்கள் நன்றியுணர்வுடன் எழுப்பிய கோபுரம் இது. உயரம் சுமார் 75 அடி. அதன் முகப்பில் கன்னட எண்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணத் தவறாதீர்கள். மைசூர் வங்கி 1913இல் தோன்றியதும் இம்மன்னரின் காலத்தில்தான்.

ஒன்று வெளியிலிருந்து வந்த ஆட்சியாளரின் வருகையை நினைவூட்டுவது. மற்றொன்று ஊழியர்கள் தம் மன்னருக்கு அளித்தது. ஆயினும் எழுப்பிய காரணம் எதுவாயினும், இரண்டும் செய்த பணி ஒன்றே: கைக்கடிகாரம் வாங்க இயலாத பூக்காரருக்கும் கூலியாளுக்கும், கடை முதலாளிக்குக் கிடைத்த அதே நேரத்தைக் கட்டணமின்றி வழங்கின.

எந்த நேரம் சரியான நேரம்?

இன்று நாடு முழுவதற்கும் ஒரே நேரம். இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது 1906 ஜனவரி 1ஆம் நாள். சிக்க கடியாரம் அதற்கு இருபது ஆண்டுகள் மூத்தது. அந்நாளில் ஊருக்கு ஊர் நேரம் வேறுபட்டது. இரயில்வேக்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றின.

வேறுபாடு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். புவி ஒரு பாகை சுழல நான்கு நிமிடங்கள் ஆகின்றன. நம் திட்ட நேரம் கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. மைசூர் ஏறத்தாழ 76.6 பாகையில் உள்ளது. இடைவெளி ஏறக்குறைய 5.9 பாகை. ஆகவே, கைக்கடிகாரத்தில் 12 மணி ஆனபின் சராசரியாக 23 அல்லது 24 நிமிடங்கள் கழித்தே மைசூரில் சூரியன் உச்சிக்கு வருகிறது. இந்தச் சராசரியிலிருந்து பருவத்துக்கேற்ப அது சற்று முன்பின்னாகும். சென்னைக்கும் மைசூருக்கும் இடையேயும் இவ்வாறே 14 நிமிடங்களுக்குமேல் வேறுபாடு உண்டு.

இது வெறும் வானியல் செய்தியன்று. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், வங்கியில் பணம் பெறுவதற்கான ஆவணத்தை வங்கி வேலை நேரத்துக்குள் முன்வைக்க வேண்டும் என்கிறது. வேலை நேரம் எப்போது முடிகிறது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து இல்லையெனில், ஓர் உண்டியல் உரிய நேரத்தில் முன்வைக்கப்பட்டதா என்பதே வழக்காகிவிடும். வட்டி நாட்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நாளோ நேரத்தைக் கொண்டு முடிவாகிறது. பணத்தின் மீதான நம்பிக்கைக்கு முன்னதாக, நேரத்தின் மீது ஊரார் அனைவரும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நாள்தோறும் வேண்டிய கவனிப்பு

பழைய கோபுரக் கடிகாரம் எவ்வாறு ஓடுகிறது? கனத்த எடை ஒன்று வடத்தில் தொங்குகிறது. அது மெல்ல இறங்கும்போது பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஊசலின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு பல் மட்டும் நகரும்படி ஒரு தடுப்பு அமைந்திருக்கிறது. எடை அடிக்கு வந்ததும் ஒருவர் மேலேறிச் சாவி கொடுத்து அதனை மீண்டும் உயர்த்த வேண்டும்.

அத்துடன் பணி முடிவதில்லை. வெயிலில் உலோகம் நீளும். ஊசல் நீண்டால் கடிகாரம் மெதுவாகும். எஃகுத் தண்டில் தொங்கும் ஊசலாயின், வெப்பம் 10 செல்சியஸ் பாகை உயர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 நொடி பின்தங்கும். சிறு தொகைதான், ஆனால் ஒரு மாதம் கவனிக்காவிட்டால் இரண்டரை நிமிடமாகிவிடும். நாள்முடிவில் இருப்பைச் சரிபார்க்கும் காசாளரைப் போல, கடிகாரக் காவலரும் பிழையைப் பெருகவிடாமல் அவ்வப்போது நேர்செய்ய வேண்டும்.

கடிகாரத்துக்குப் பொருந்துவது அது நிற்கும் கட்டடத்துக்கும் பொருந்தும். அக்காலக் கட்டுமானத்தின் உயிர் சுண்ணாம்புக் காரை. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகும். சுவரில் புகுந்த ஈரத்தை வெளியேறவும் விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் காரையை அரிக்கிறது. மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டாலும், விரிசலில் ஓர் அரசங்கன்று முளைத்தாலும் சேதம் தொடங்கிவிடும். ஆரம்பத்தில் சில நூறு ரூபாயில் தீரக்கூடியது, பிற்பாடு இலட்சங்களைக் கேட்கும்.

இதற்கான சான்று மணிக்கூண்டின் அருகிலேயே உள்ளது. 1892ஆம் ஆண்டைச் சேர்ந்த லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் இடிந்து விழுந்தது, நால்வர் உயிரிழந்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்டில், தேவராஜ மார்க்கெட்டின் வடக்கு வாயிற்பகுதி சரிந்தது. இடித்துப் புதிதாகக் கட்டுவதா, பழையதைச் சீரமைத்துக் காப்பதா என்ற விவாதம் நீதிமன்றம் வரை சென்றது. மரபைக் காக்க விழைவோர் வாதத்திலும் நியாயம் உண்டு. தலைக்குமேல் கூரை பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று கேட்கும் கடைக்காரரின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆண்டுதோறும் சிறிது செலவிட்டுப் பேணியிருப்பின், இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை எளிதில் வந்திராது. தேய்மானத்துக்கு ஆண்டுதோறும் ஒதுக்கீடு செய்யும்படி கணக்கியல் வற்புறுத்துவதன் பொருளும் இதுவே. பெரிய மணிக்கூண்டிலும் விரிசல்கள் கண்டு, அண்மை ஆண்டுகளில் சீரமைப்புப் பணி மேற்கொள்ளப்பட்டது.

பார்க்கச் செல்வோருக்கு

வெயில் ஏறுமுன் செல்வது நலம். நகர மண்டபத்தருகே பெரிய மணிக்கூண்டிலிருந்து தொடங்கலாம். அம்மண்டபம் திவான் ரங்காச்சார்லுவின் நினைவாக அமைந்தது; அவர் செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்தவர் என்பது தமிழ் வாசகர்க்கு மகிழ்வளிக்கும். அங்கிருந்து கிருஷ்ணராஜர் வட்டத்தைக் கடந்தால் தசரா ஊர்வலம் செல்லும் சயாஜிராவ் சாலையை அடையலாம். மார்க்கெட்டினுள் புவிசார் குறியீடு பெற்ற மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு ரசவாழை ஆகியவை விற்பனைக்கு வருவதைக் காணலாம். இந்த வரிசையின் முடிவாகச் சிக்க கடியாரத்தின் முன் சற்று நில்லுங்கள்.

முதலில் முட்கள் ஓடுகின்றனவா, உங்கள் கைபேசியின் நேரத்துடன் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னர் சுவரில் செடி முளைத்துள்ளதா, ஈரக்கறை படிந்துள்ளதா என்றும் நோக்குங்கள். நூற்றாண்டு கடந்த ஒரு பொதுச்சொத்தை ஊர் எவ்வாறு நடத்துகிறது என்பதை அந்த இரு பார்வைகளே சொல்லிவிடும். நம் ஊர் மணிக்கூண்டையும் ஒருமுறை அதே கண்ணோடு பார்ப்பது நல்லது.