திரும்பும் லொறியில் இடம் இருக்கிறது

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள எங்கள் சுருவிலுக்கு ஒரு அலுமாரி கொண்டுவர லொறிக்காரரிடம் விலை கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்த பதில்தான் உங்களுக்கும் கிடைக்கும்: "ஐயா, யாழ்ப்பாணம் வரைக்கும் ஒரு விலை. தீவுக்குள்ள வாறதெண்டா வேற விலை. வெறும் லொறியாத்தானே திரும்பவேணும்."

அவர் சொன்னதில் அநியாயம் இல்லை. வரும்போது எரிகிற டீசல் திரும்பும்போதும் எரியும். இரண்டு பக்கச் செலவும் ஒரே அலுமாரியின் தலையில் விழுகிறது. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாடு இது. ஒரு லீற்றர் டீசலின் பெறுமதியை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் பார்த்தவர்கள் உலகில் உண்டு. 2003இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில் மற் சேஸன் என்பவர் யூஷிப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சாமானின் படம், அளவு, ஏற்றும் இடம், இறக்கும் இடம் ஆகியவற்றை நாம் இணையத்தில் போடுகிறோம். அந்த வழியால் போகிற வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு கூலி கேட்கிறார்கள். சாதாரண ஏலத்தில் விலை ஏறும், இங்கே இறங்கும். எப்படியும் அந்தப் பக்கம் போகிற, பாதி இடம் காலியாக உள்ள வண்டிதான் குறைத்துக் கேட்கும். பிரித்தானியாவில் 2008இல் வந்த ஷிப்லியும் இதே வகை.

நம் நாட்டில் பிக்மீயில் லொறி பிடிக்கலாம், ஆனால் கட்டணத்தை அந்தச் செயலியே சொல்லிவிடும். ஆகவே நான் வட்ஸ்அப்பையும் முகநூலையும் பிடித்தேன். படத்தைப் போட்டு, "திகதி முன்பின் ஆனாலும் பரவாயில்லை" என்று எழுதினேன். கூலியைக் குறைத்தது அந்த ஒரு வரிதான். பேலியகொடைச் சந்தையில் மரக்கறி இறக்கிவிட்டு யாழ்ப்பாணம் திரும்பவிருந்த ஒரு தம்பி, முதல் ஆள் கேட்டதில் பாதிக்கும் குறைவாகக் கேட்டார். அவசரப்படுகிறவருக்கு இந்த வழி சரிவராது.

ஆனால் கூலி குறைவு என்பதை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடக் கூடாது. அளவுநாடாவைப் பிடித்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதுங்கள். பாரமான சாமானென்றால் கால் கழற்றலாமா, கதவு கழற்றலாமா என்பதையும் சொல்லுங்கள். முக்கியமாக ஒழுங்கையைப் படம் எடுத்து அனுப்புங்கள். பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை என்று தார் வீதியில் சுகமாக வந்த பெரிய லொறி, எங்கள் வேலிகளுக்கிடையே திரும்ப முடியாமல் நிற்கும். அங்கிருந்து பட்டாவிலோ லான்ட்மாஸ்டரிலோ மாற்றி ஏற்றவேண்டும். அந்தக் கூலி யாருடையது? ஏற்றி இறக்கும் ஆட்கள் யார்? கீறல் விழுந்தால் யார் பொறுப்பு? இதையெல்லாம் எழுத்தில் கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். சாமானைக் கண்ணால் பார்த்த பிறகு மிச்சத்தைக் கொடுங்கள்.

நயினாதீவு, நெடுந்தீவுச் சனத்தின் பாடு இன்னும் கடினம். லொறிக்கூலி குறிகட்டுவான் துறையோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு படகுக்கூலி, இரு கரையிலும் தூக்குகூலி. கடல் குமுறினால் சாமான் துறையிலேயே காத்துக்கிடக்கும். அங்கே போகிற சாமானுக்கு முதலில் படகுக்காரரோடு நாளைப் பேசிக்கொண்டு, அதன் பிறகே லொறியைப் பேசவேண்டும்.

ஒருகாலத்தில் யானைகளையே இந்தியாவுக்குக் கப்பலேற்றிய துறைமுகம் எங்கள் ஊர்காவற்றுறை. பெரும் பாரம் ஏற்றிப் பழகிய தீவு, இன்று ஒரு அலுமாரிக்கு இரட்டைக் கூலி கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வண்டிக்காரரின் வயிற்றில் அடித்துக் கூலியைக் குறைக்கச் சொல்லவில்லை. இங்கிருந்து கருவாடு போகிறது, புகையிலை போகிறது, வெளியூருக்குக் குடிபோகிறவர்களின் தளபாடமும் போகிறது. திரும்பும் வழியிலும் அவருக்கு ஏற்ற ஏதாவது கிடைத்தால், உங்களிடம் கேட்கிற கூலி தானாக இறங்கும்.

ஆகவே அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு லொறி வருவது நிச்சயமானவுடன், ஊர்க் குழுவில் ஒரு செய்தி போடுங்கள்: "இன்ன நாள், இன்ன இடத்திலிருந்து லொறி வெறுமனே திரும்புகிறது. ஏற்றவேண்டியவர்கள் கதையுங்கள்."