"பிள்ளை வெளிக்குப் போச்சா?" - பாட்டியின் கேள்வியில் ஒளிந்திருக்கும் மருத்துவம்!

ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் வழியில், சேத்தூரை அடுத்து இருக்கிறது தேவதானம். இங்குள்ள நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலுக்குக் குழந்தை வரம் வேண்டி வருபவர்கள் உண்டு. பிள்ளை பிறந்த வீட்டில் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "பிள்ளை வெளிக்குப் போச்சா?" குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர்களும் அதையேதான் கேட்கிறார்கள்.

48 மணி நேரக் கணக்கு

நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை பிறந்த 24 மணி நேரத்துக்குள், 'காட்டுப்பீ' எனப்படும் கரும்பச்சை மலத்தைக் கழித்துவிடும். 48 மணி நேரம் தாண்டியும் போகவில்லை, வயிறு உப்புகிறது, பச்சையாக வாந்தி வருகிறது என்றால், மருத்துவர்கள் 'ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோய்' இருக்குமோ எனச் சந்தேகிப்பார்கள்.

1886-ல் டென்மார்க் மருத்துவர் ஹரால்டு ஹிர்ஷ்ஸ்ப்ருங் விவரித்த நோய் இது. சுமார் 5,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரலாம். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்கள் பிறவியிலேயே இருக்காது. அந்த இடம் விரியாததால், மலம் அதற்கு மேலே தேங்கிவிடும். நரம்பு செல்கள் இல்லாத பகுதியை அறுவை சிகிச்சையில் அகற்றுவதே தீர்வு.

அது மாதிரியே... ஆனால் அதுவல்ல!

* தைராய்டு குறைபாடு: மலச்சிக்கலுடன் சோர்வு, நீடிக்கும் மஞ்சள் காமாலை இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையே போதும்.

* ஆசனவாய்க் குறைபாடு: துவாரம் இடம் மாறியோ குறுகியோ இருக்கும். கவனமாகப் பார்த்தாலே தெரியும்.

* நரம்பு செல்கள் குறைவு: செல்கள் இருக்கும். ஆனால், எண்ணிக்கை போதாது அல்லது முழு வளர்ச்சி இருக்காது. கண்டுபிடிக்கச் சிரமமான வகை இதுதான்.

* பழக்கத்தால் வரும் மலச்சிக்கல்: மிக அதிகமாகக் காணப்படுவது. பெரும்பாலும் சில மாதங்கள் கழித்தோ, கழிப்பறைப் பழக்கம் தொடங்கும்போதோ வரும். வலிக்குப் பயந்து பிள்ளை மலத்தை அடக்கும். உள்ளாடையில் கசிவும் இருக்கும்.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

ஆசனவாய் வழியே மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, குடல் குறுகி விரியும் இடத்தைக் காட்டும். ஆனால், முடிவு சொல்வது பயாப்ஸி. மலக்குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, நரம்பு செல்கள் இருக்கின்றனவா என மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். இது இல்லாமல் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படக் கூடாது.

வெற்றிலைக் காம்பு வேண்டாம்

வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பது, சோப்புத் துண்டு செருகுவது போன்ற வைத்தியங்களால் மலம் ஒருமுறை வந்துவிடலாம், நோய் மறைந்துகொள்ளும். வயிற்று உப்பசத்துடன் காய்ச்சலும் நாற்றமடிக்கும் பேதியும் வந்தால், அது உயிருக்கே ஆபத்தான குடல் அழற்சியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மேல்சிகிச்சை தேவைப்பட்டால், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

அதேநேரம், வீண் பயமும் வேண்டாம். சில வாரங்கள் கடந்த, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள்கள் போகாமல் இருந்து, பிறகு இளக்கமாகப் போனால், எடையும் கூடினால், அது இயல்புதான்.

பிறந்த நேரத்தைக் குறித்துவைப்பது போல, முதல் மலம் போன நேரத்தையும் குறித்துவையுங்கள். பின்னாளில் மருத்துவருக்குக் கிடைக்கும் முதல் துப்பு அதுதான்!