சோஷியாலஜி படித்தால் என்ன வேலை கிடைக்கும்? சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளஸ் டூ முடித்த மகள், "நான் சோஷியாலஜி படிக்கப் போறேன்" என்றால், பல வீடுகளில் உடனே வரும் கேள்வி இதுதான்: "அதைப் படிச்சா என்ன வேலைம்மா கிடைக்கும்?"

நியாயமான கேள்வி. பி.காம் என்றால் அக்கவுன்ட்ஸ், நர்ஸிங் என்றால் மருத்துவமனை என்று சொல்லிவிடலாம். சமூகவியலுக்கு அப்படி ஒற்றை பதில் இல்லை.

அப்படி என்னதான் படிக்கிறார்கள்?

குடும்பம், சாதி, மதம், வேலை, ஆண் பெண் பாகுபாடு என 'காலங்காலமாக இப்படித்தான்' என்று நாம் கடந்துபோகும் விஷயங்களை, 'ஏன் இப்படி?' என்று கேட்கும் படிப்பு இது. மக்களைச் சந்தித்து, பேசி, கவனித்து, கணக்கெடுத்துப் பதில் தேடும் முறையையும் கற்றுத்தருகிறது.

நம் ஊரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. வங்காளத்தில் பிறந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய், 1961-62-ல் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றின் அக்ரஹாரத்தில் தங்கி ஆய்வு செய்தார். ஊருக்கு 'ஸ்ரீபுரம்' என்று மாற்றுப்பெயர் வைத்து, 1965-ல் 'காஸ்ட், கிளாஸ் அண்ட் பவர்' நூலை வெளியிட்டார். உயர்சாதி, நில உரிமை, அதிகாரம் மூன்றும் ஒரே தரப்பிடம் இருந்த நிலை மெல்ல மாறுவதை அந்த நூல் காட்டியது.

எங்கெல்லாம் வேலை?

* சிவில் சர்வீஸ்: யு.பி.எஸ்.சி மெயின் தேர்வில் சமூகவியல் ஒரு விருப்பப் பாடம். 2 தாள்கள், மொத்தம் 500 மதிப்பெண். எந்த டிகிரி முடித்தவரும் இதை எடுக்கலாம் என்றாலும், கல்லூரியிலேயே படித்தவருக்கு அடித்தளம் தயாராக இருக்கும்.

* பேராசிரியர்: எம்.ஏ முடித்து நெட் தேர்வில் தகுதி பெற வேண்டும். ஆய்வில் ஆர்வம் இருந்தால் பிஎச்.டி செய்யலாம்.

* சி.எஸ்.ஆர், தொண்டு நிறுவனங்கள்: 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் மக்களுக்குப் பயன்பட்டதா என்று களத்தில் பார்த்துச் சொல்ல ஆட்கள் தேவை.

* ஆய்வுப் பணிகள்: அதே 2013-ல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம், நிலத்தை எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யச் சொல்கிறது. மார்க்கெட் ரிசர்ச்சிலும், செல்போன் ஆப்களைப் பயன்படுத்துபவர்களின் தேவையை அறியும் பணியிலும்கூட இதே திறமைதான் கைகொடுக்கும்.

இதைக் கவனியுங்கள்!

சோஷியாலஜியும் சோஷியல் வொர்க்கும் ஒன்றல்ல. மருத்துவமனை, தொழிற்சாலைகளில் உள்ள பல நலப் பணிகளுக்கு எம்.எஸ்.டபிள்யூ படிப்பைத்தான் கேட்பார்கள். அதுதான் இலக்கு என்றால், பி.ஏ முடித்ததும் அந்தப் பக்கம் மாறிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பி.ஏ பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நல்ல வேலை தேடுவது கஷ்டம். படிக்கும் 3 ஆண்டுகளிலேயே புள்ளியியல் அடிப்படை, எக்ஸெல், தெளிவாக அறிக்கை எழுதுவது ஆகியவற்றைப் பழகிக்கொள்ள வேண்டும். கல்லூரியைத் தேர்வு செய்யும்போது, 'களப்பணி உண்டா?' என்று கேட்க மறக்காதீர்கள்.

எனவே, 'என்ன வேலை கிடைக்கும்?' என்பதோடு 'உனக்கு மனுஷங்ககிட்ட பேசப் பிடிக்குமா? அவங்க சொல்றதைப் பொறுமையா கேட்பியா?' என்றும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். 'ஆமாம்' என்று பதில் வந்தால், தைரியமாகச் சேர்த்துவிடலாம்!