ஜூலையில் திறக்கும் பள்ளிகள்: வீடு வாங்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வேக் கவுண்டியின் கேரி, மோரிஸ்வில், அபெக்ஸ் பக்கம் வீடு பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளியின் மதிப்பெண் தரத்தை அலசிப் பார்க்கின்றன. அது எந்த நாட்காட்டியில் நடக்கிறது என்று கேட்காமல் விட்டுவிடுகின்றன. வீட்டுக் கடனில் கையெழுத்துப் போட்டு, பிள்ளையைச் சேர்க்கப் போன பிறகுதான் "இது இயர்-ரவுண்ட் ஸ்கூல், உங்கள் குழந்தைக்கு மூன்றாவது டிராக்" என்ற செய்தி வருகிறது. அந்த நிலையில் மாற்றம் கேட்பது கடினம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். இயர்-ரவுண்ட் பள்ளியில் பிள்ளைகள் கூடுதல் நாள் படிப்பதில்லை. மற்றப் பள்ளிகளைப் போல ஏறக்குறைய 180 நாள்தான். கோடையில் சேர்ந்தாற்போல் வரும் நீண்ட விடுமுறையைப் பிரித்து, 45 நாள் வகுப்பு, 15 நாள் விடுப்பு என்று ஆண்டு முழுவதும் பரப்பியிருக்கிறார்கள். பள்ளி ஜூலையிலேயே திறந்துவிடும். இப்படிப்பட்ட பல பள்ளிகளில் பிள்ளைகள் நான்கு டிராக்குகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். எப்போதும் மூன்று டிராக் வகுப்பில் இருக்கும், ஒன்று 'டிராக் அவுட்' ஆகி வீட்டில் இருக்கும். 750 பேருக்குக் கட்டிய பள்ளியில் 1,000 பேரைச் சேர்த்துக்கொள்ள இது உதவுகிறது. குடியேற்றத்துக்கு ஈடாகக் கட்டடங்கள் எழாத நிலையில், வேக் கவுண்டி 2007இல் 22 பள்ளிகளை இந்த முறைக்கு மாற்றியது.

ஆகவே இது இடப்பற்றாக்குறைக்குக் கண்ட வழி. "கோடை மறதி இருக்காது, படிப்பு மேம்படும்" என்று யாராவது உறுதி தந்தால் நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்த 22 பள்ளிகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஸ்டீவன் மெக்மல்லன், கேத்ரின் ரௌஸ் இருவரும் சராசரி மாணவரின் தேர்ச்சியில் சொல்லும்படியான மாற்றம் எதையும் காணவில்லை. இந்த நாட்காட்டியில் படிக்கும் பிள்ளைகள் கோடையில் சற்றுக் கூடுதலாகக் கற்றாலும், மற்ற மாதங்களில் அதே அளவு குறைவாகக் கற்கிறார்கள் என்பது சமூகவியலாளர் பால் வான் ஹிப்பல் கண்டது. கலிஃபோர்னியாவின் பல டிராக் பள்ளிகளை ஆராய்ந்த ஜெனிஃபர் கிரேவ்ஸ், மதிப்பெண் சற்றே இறங்கியதையும், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் அந்த இறக்கம் கூடுதலாக இருந்ததையும் கண்டார்.

சுமை முழுக்க வீட்டின் தலையில்தான் விழுகிறது. உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் பழைய நாட்காட்டியிலேயே நடக்கின்றன. மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு, இளையவன் மூன்றாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கோடை விடுமுறையில் இருக்கும்போதே அவனுக்கு வகுப்பு தொடங்கிவிடும். அவன் இலையுதிர் காலத்தில் மூன்று வாரம் வீட்டில் இருக்கும்போது அவளுக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும். ஊருக்குப் போய்த் தாத்தா பாட்டியோடு இரண்டு மாதம் தங்கும் வழக்கம் அத்தோடு போயிற்று. மூன்று வார விடுப்பில் பயணக் களைப்பும் தூக்கக் கலக்கமும் தீர்வதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும். கூட்டமில்லாத மாதத்தில் பயணம் செய்ய முடிகிறதே என்று மகிழும் குடும்பங்களும் உண்டு, அதையும் மறுக்க முடியாது. ஆனால் தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், ஆண்டுக்குப் பல முறை மூன்று மூன்று வாரம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? 'டிராக் அவுட் கேம்ப்' இருக்கிறது, கட்டணமும் இருக்கிறது. மணிக்கூலி வாங்கும் தாய்க்கு அது எட்டாது. இந்த நாட்காட்டி பரவிய இடங்களில் தாய்மார் வேலைக்குப் போவது குறைந்ததை கிரேவ்ஸின் இன்னொரு ஆய்வு காட்டியது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய அநீதியாகப் படுகிறது. கட்டடம் கட்டாமல் அரசு மிச்சம் பிடிக்கும் பணத்தை ஒரு தாய் தன் சம்பளத்தில் கட்டுகிறாள்.

ஆசிரியர்களுக்கும் இது எளிதல்ல. டிராக் அவுட் ஆகும்போது வகுப்பறையைக் காலி செய்து, சாமான்களைத் தள்ளுவண்டி அலமாரியில் அடுக்கி, அடுத்தவருக்கு இடம் விடுபவர்கள் உண்டு. கோடையில் மேற்படிப்போ வேறு வேலையோ பார்ப்பதும் கடினமாகிவிடுகிறது.

இந்த முறை எவ்வளவு தூரம் கெட்டுப்போகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் சாட்சி. 'கான்செப்ட் 6' என்ற நாட்காட்டியில் அங்கே பிள்ளைகளுக்கு 180 நாளுக்குப் பதில் 163 நாள்தான் பள்ளி. நாளின் நீளத்தைக் கூட்டிக் கணக்கைச் சரிசெய்தார்கள். பெரும்பாலும் ஏழை, லத்தீனோ பிள்ளைகள் படித்த பள்ளிகள் அவை. இத்தகைய ஏற்றத்தாழ்வுகளை எதிர்த்து 2000இல் தொடுக்கப்பட்ட வில்லியம்ஸ் வழக்கு 2004இல் சமரசத்தில் முடிந்தது. 2012க்குள் அந்த நாட்காட்டியை ஒழிக்க வேண்டும் என்று சட்டமும் வந்தது.

வட கரோலினாவில் பெற்றோருக்கு அப்படி ஒரு வெற்றி கிடைக்கவில்லை. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையை இந்தப் பள்ளிக்கு ஒதுக்கக் கூடாது என்று 2007இல் ஒரு நீதிபதி சொன்னார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2009இல் மாநில உச்ச நீதிமன்றமும் பள்ளி வாரியத்தின் பக்கமே நின்றது. சம்மதம் தேவையில்லை என்பதுதான் இன்றைய சட்டம். அதனால் உங்களுக்குள்ள வழிகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

வீட்டு முகவரை நம்பாமல், அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி, எந்த நாட்காட்டி என்று பள்ளி வாரியத்திடமே கேளுங்கள். வழக்கமான நாட்காட்டிப் பள்ளிக்கு விண்ணப்பிக்க வழி உண்டா, கடைசி நாள் எது, பேருந்து வருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உடன்பிறந்தோருக்கு ஒரே டிராக் வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். ஒதுக்கீடு பிடிக்கவில்லை என்றால், குறித்த கெடுவுக்குள் மறு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கவும், மறுத்தால் வாரியத்தின் முன் நேரில் முறையிடவும் மாநிலச் சட்டம் இடம் தருகிறது.

சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கு, இடைவெளிகளில் கற்றது நழுவும் என்ற கவலை இருந்தால், பள்ளி நாட்களுக்கு அப்பாலும் பயிற்சி தேவையா என்று பரிசீலிக்க ஐஇபி (தனிநபர் கல்வித் திட்டம்) கூட்டத்தை எழுத்து மூலம் கோருங்கள். மத்திய சட்டத்தின்படி அந்தத் தேவையைப் பிள்ளைக்குப் பிள்ளை தனியாகப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளையோ ஒரே இனத்தவரையோ ஒரு டிராக்கில் ஒதுக்கி, நல்ல பாடங்களை இன்னொரு டிராக்கில் வைத்திருந்தால், அது பாகுபாட்டுப் புகாருக்கு உரியது. மத்தியக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்கு, அது நடந்த 180 நாளுக்குள் எழுத வேண்டும்.

இருவரும் வேலையில் இருந்தால், 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பகல்நேர கேம்ப் கட்டணத்துக்கு மத்திய வருமான வரியில் சலுகை உண்டு. ரசீதுகளை எடுத்துவையுங்கள். இரவு தங்கும் கேம்புக்கு அது கிடையாது.

ஊர்ப் பயணம் மூன்று வாரத்துக்குள் அடங்காவிட்டால், சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். அனுமதியில்லாத விடுப்பு 3, 6 என்று ஏறும்போது பெற்றோருக்கு அறிவிப்பு வரும். 10 ஆனால் தலைமை ஆசிரியரின் விசாரணை. கல்வி சார்ந்த பயணம் என்று முன்கூட்டியே விண்ணப்பித்தால் அனுமதி கிடைக்கக்கூடும். சமயப் பண்டிகைகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் அனுமதியோடு விடுப்பு எடுக்க மாநிலச் சட்டம் உரிமை தருகிறது. தீபாவளிக்கும் அதைக் கேட்கலாம். பள்ளி தரும் படிவத்தில், முன்னதாகவே.