நாவின் கீழ் வைக்கும் குளிசை

முடியுருநாடி நோயாளர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியபின் அவருக்குத் தாதி வீட்டாரே. அவர்கள் முதலில் அறியவேண்டியது, நாவின் கீழ் வைக்கும் ஜீ.ரி.என். குளிசையைப் பற்றியாகும். இதனைச் சேலைத் தலைப்பில் முடிந்தோ கடதாசியில் சுற்றியோ வைத்திருப்பதைக் கிராமங்களில் காண்கிறோம். வெப்பமும் காற்றும் பட்டால் வீரியம் போய்விடும். வந்த கபிலநிறக் கண்ணாடிப் போத்தலிலேயே இறுக மூடி வையுங்கள். திறந்து எட்டு வாரமானால் புதிது வேண்டும்.

நெஞ்சுநோ வந்ததும் நோயாளரை இருத்திவிட்டே குளிசையைக் கொடுங்கள். இரத்த அழுத்தம் சட்டெனக் குறைவதால் நிற்பவர் மயங்கி விழக்கூடும். குளிசையை விழுங்கலாகாது. ஐந்து நிமிடத்தில் நோ தணியாவிட்டால், வாய்வென்று சொல்லி இஞ்சி அவித்துக்கொண்டிராமல் 1990 இலக்கத்தை அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த இலவச அம்புலன்ஸ் இப்போது நாடெங்கும் உண்டு.