வைப்ரஃபோன்: மோட்டார் பூட்டிய வாத்தியம்

மின்சாரம் இல்லாவிட்டாலும் வைப்ரஃபோன் ஒலிக்கும். பிறகு அதில் மோட்டார் எதற்கு?

மேலே 37 அலுமினியப் பட்டைகள், பியானோ கட்டைகளின் வரிசையில். ஒவ்வொன்றுக்கும் கீழே அடிப்பக்கம் அடைத்த குழாய். பட்டையைக் கோலால் தட்டினால், அதன் சுருதிக்கேற்ற நீளமுள்ள குழாயில் காற்றும் கூடவே அதிர்ந்து நாதத்தைப் பெருக்கும். (முன்வரிசைக் குழாய்கள் சில, தேவைக்கு மேல் நீண்டு தொங்கும். எல்லாம் அலங்காரம், உண்மையான அடைப்பு உள்ளே மேலேயே இருக்கும்.) குழாயின் வாயில் சிறு வட்டத் தகடு. தகடுகளைக் கோத்திருக்கும் தண்டைத்தான் மோட்டார் சுழற்றுகிறது. தகடு படுத்தால் வாய் மூடும்; நிமிர்ந்தால் திறக்கும். நாதம் அலையலையாக வரும். கமகத்தில் ஸ்வரமே அசையும். இங்கே ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்க, ஒலியின் அளவுதான் ஏறி இறங்கும். காலடியில் பெடல்: மிதித்தால் நாதம் நீளும், விட்டால் அடங்கும்.

1920களில் அமெரிக்காவில் உருவான இந்த வாத்தியத்தை ஜாஸில் பிரபலமாக்கியவர் லயோனல் ஹாம்ப்டன். அவர் மோட்டாரை நொடிக்குச் சுமார் 10 சுற்று ஓடவிட்டார். படபடப்பான, கொண்டாட்டமான ஒலி. மில்ட் ஜாக்சன் அதைச் சுமார் 3.3 சுற்றாகக் குறைத்தார். உலோகத்துக்குப் பாடகரின் மூச்சு வந்தது.

அந்த நிதானம் ஜான் லூயிஸுக்குப் பொருந்திப்போனது. பியானோக்காரர், செவ்வியல் இசை மேதை பாக் மீது தீராத பற்று. 1952இல் உருவான 'மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்'டின் இசை இயக்குநர் அவர். பியானோ, ஜாக்சனின் வைப்ரஃபோன், பாஸ், டிரம்ஸ் மட்டும். கோட்டும் சூட்டுமாக, நால்வரும் அறை இசைக் கலைஞர்களைப்போலவே மேடையேறினார்கள். லூயிஸ் எழுதிய 'வேண்டோம்', 'கான்கார்ட்' ஆகியவை ஃபியூக் பாணியில் அமைந்தவை: ஒருவர் தொடங்கிய மெட்டை அடுத்தவர் சற்றுப் பின்தங்கி எடுத்துக்கொள்ள, முதலாமவர் வேறு வழியில் போவார். நடுவே மனோதர்மத்துக்கும் இடமுண்டு.

ஜாஸும் மேற்கத்திய செவ்வியல் இசையும் கலக்கும் இந்தப் போக்குக்கு 1957இல் கன்தர் ஷுல்லர் 'மூன்றாம் நீரோட்டம்' என்று பெயர் வைத்தார். அந்த வகையில் பலவற்றைக் கேட்டால், இரண்டு கோஷ்டிகள் முறைபோட்டு வாசிப்பதுபோல இருக்கும். இந்த நால்வரிடம் அந்தத் தையல் தெரியாது. லூயிஸின் கணக்குக்குள்ளேயே ஜாக்சனின் ப்ளூஸ் தாராளமாக நடமாடும்.

முதலில் 'ஜாங்கோ'வைக் கேளுங்கள். 1953இல் மறைந்த கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் நினைவாக லூயிஸ் எழுதியது. ஹெட்ஃபோனில் கேட்டால், மெதுவான தொடக்கப் பகுதியிலேயே மோட்டாரின் வேலை பிடிபட்டுவிடும்.